முதல் பிரதி நம் கையில் இருக்கட்டும்

ஸ்ரீல்ஸ் அவெனியூ மில்லிக்கனை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். இரண்டு பக்கத்திலும் உள்ள தமிழ் வீடுகளிலும், பிளாசாக்களில் வருமானவரி, மோட்கேஜ், குடிவரவு, விழா வீடியோ என்று பலகை தொங்கவிட்ட சிறு அலுவலகங்களிலும் ஒரு கருத்து எதிர்ப்பின்றி வேரூன்றிவிட்டது: எல்லாம் கிளவுட்டில் கிடக்கிறது, இனி என்ன பயம்? இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கருத்தும் உண்டு. வீட்டிலோ கடையிலோ சொந்தமாக ஒரு வலையமைப்புச் சேமிப்பகத்தை, அதாவது நாஸ் பெட்டி ஒன்றை, அதுவும் திறமூல மென்பொருளில் நிறுவி வைப்பது கணினிப் பித்துப் பிடித்தவர்களின் பொழுதுபோக்கு என்பதே அது. இரண்டுமே பிழை என்பது என் வாதம். குடும்பத்தின், அலுவலகத்தின், சங்கத்தின் ஆவணங்களுக்கு முதல் பிரதி நம் கையில், நம் பெட்டியில், யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளில் இருக்க வேண்டும். வாடகைக் கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இரண்டாவது, மூன்றாவது பிரதிக்குரிய இடம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கூகிளும் அமேசானும் மைக்ரோசொஃப்ற்றும் வன்தட்டுகளைப் பராமரிப்பதில் நம்மைவிடப் பல மடங்கு திறமைசாலிகள். அமேசான் தன் எஸ்3 சேவைக்குச் சொல்லும் நீடிப்பு விகிதத்தில் பதினொரு ஒன்பதுகள் வருகின்றன. அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது எதை அளக்கிறது? தட்டு பழுதாகி ஒரு கோப்பு தொலைவதற்கான வாய்ப்பை மட்டும். கடவுச்சொல் மறந்துபோவதை, கணக்கு முடக்கப்படுவதை, கொம்பனி விதிகளை மாற்றுவதை, கணக்கு வைத்திருந்தவர் கண்ணை மூடுவதை அது அளப்பதில்லை. நம்மவர்களின் கோப்புகள் தொலைவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். தட்டு கெட்டுப்போவது ஓர் ஆபத்து, நமக்கும் தட்டுக்கும் நடுவே நிற்கும் ஒப்பந்தம் கெட்டுப்போவது வேறோர் ஆபத்து. முதலாவதற்குக் காப்புறுதி செய்துவிட்டு இரண்டாவதை மறந்துபோயிருக்கிறோம்.

இதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இணையத் தமிழின் திண்ணைகளாக இருந்தவை யாகூ குழுமங்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று அவற்றின் பெயரைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்கு முகம் மலரும். இலக்கணச் சண்டையும் சிறுகதை விமர்சனமும் கோயில் வரலாறும் ஆயிரக்கணக்கான மடல்களாக அங்கே குவிந்தன. 2019 டிசம்பரில் யாகூ அந்த உள்ளடக்கத்தை அழிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. எந்தத் தட்டும் பழுதாகவில்லை. யாரோ ஒரு கூட்டத்தில் இலாபநட்டக் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2009இல், ஜியோசிற்றீஸ் பக்கங்களும் இதே கொம்பனியின் கையால்தான் மறைந்தன. கூகிள் ஃபோட்டோஸ் வரம்பில்லாத இலவச இடம் தந்த காலம் 2021 ஜூன் 1இல் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கினார்கள். இவற்றில் எதுவுமே சட்டவிரோதமில்லை, முன்னறிவிப்பும் தந்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் பெட்டியை ஊரில் இருக்கும் பெரியம்மா திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

"இது இலவச வாடிக்கையாளருக்கு வருகிற வினை, காசு கட்டினால் நடக்காது" என்பார்கள். 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்ததைப் பாருங்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள நிறுவனம் அது. கூகிள் கிளவுட் பக்கத்தில் ஒரு அமைப்புப் பிழை நேர்ந்து, அதன் தனிக் கிளவுட் சந்தாவே அழிந்துபோனது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், ஆனால் இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. ஒரு வாரத்துக்கு மேல் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் நிதியைக் காப்பாற்றியது வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பிரதி. எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணுவதோடு அவை எத்தனை கைகளில் இருக்கின்றன என்றும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இங்கே நம் சங்கங்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ரொறன்ரோவில் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் குறைவில்லை. விழா மலர்கள், கணக்கறிக்கைகள், ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகள், முப்பது ஆண்டுப் படங்கள் எல்லாம் இவர்களிடம் உண்டு. இவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால் "கூகிள் ட்ரைவில்" என்று பதில் வரும். யாருடைய ட்ரைவில் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். எப்போதோ செயலாளராக இருந்த ஒருவரின் சொந்த மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்புக்கு அவருடைய சொந்தக் கைத்தொலைபேசியில். நிர்வாக சபை மாறும், மனக்கசப்பு வரும், ஆள் வேறு மாகாணத்துக்குப் போவார், அல்லது காலமாவார். அப்போது சங்கத்தின் நினைவு முழுவதும் ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட கணக்கில் அடைபட்டுக் கிடக்கும். அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்பதும் மரியாதையாக இராது. சங்கத்தின் பெயரில் ஒரு பெட்டி இருந்தால், பொருளாளர் மாறும்போது காசோலைப் புத்தகம் கைமாறுவதுபோல அதுவும் கைமாறும்.

அலுவலகங்களுக்கு இதைவிடக் கறாரான காரணம் உண்டு. கனடா வருவாய் முகமை, கணக்கு ஆவணங்களை அந்த வரியாண்டின் முடிவிலிருந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அவை கனடாவுக்குள் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. வெளிநாட்டில் வைத்துவிட்டு இங்கிருந்து இணையத்தில் திறந்து பார்ப்பதை "கனடாவில் இருக்கும் ஆவணம்" என்று முகமை கொள்வதில்லை. வாசிக்கக்கூடிய பிரதியை இங்கே கொடுத்தால் ஏற்கலாம் என்ற தளர்வு இருக்கிறது. அந்தத் தளர்வுக்கும் இங்கே ஒரு பிரதி வேண்டும் அல்லவா? குடிவரவு அலுவலகங்களின் நிலை இன்னும் கூர்மையானது. அகதிக் கோரிக்கைக் கோப்பில் ஒருவரின் காயங்களும் காணாமல்போன உறவினர்களின் பெயர்களும் இருக்கும். அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உரிய ஆணை இருந்தால், அமெரிக்கக் கொம்பனிகள் உலகில் எங்கே வைத்திருக்கும் தரவையும் ஒப்படைக்கச் சொல்கிறது. சேர்வர் மொன்றியலில் இருக்கிறது என்பது மட்டும் இதற்கு மறுமொழி ஆகாது. இதையெல்லாம் விடுங்கள். 2022 ஜூலை 8ஆம் திகதி ரொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். இன்ரறாக் அட்டைகள்கூட வேலை செய்யவில்லை. அன்று கிளவுட்டை மட்டும் நம்பியிருந்த கணக்காளருக்குத் தன் வாடிக்கையாளரின் கோப்பு பதினைந்து அடி தூரத்திலும் இல்லை, பதினைந்தாயிரம் மைல் தூரத்திலும் இல்லை. எங்குமே இல்லை. அலுவலகத்துக்குள் ஒரு நாஸ் பெட்டி இருந்திருந்தால் உள் வலையமைப்பில் எல்லாக் கோப்பும் வழமைபோலத் திறந்திருக்கும்.

சரி, பெட்டி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை வாங்கினால் போதாதா, திறமூலம் எதற்கு? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. ஏனென்றால் கிளவுட்டில் இருந்த அதே நோய் இங்கேயும் வேறு உருவில் வரும். வெஸ்ரேர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகளுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் திருத்தம் நின்றுபோனது. 2021 ஜூனில் உலகெங்கும் அந்தப் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்து அழித்தார்கள். பலர் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது குடும்பப் படங்கள் எல்லாம் வெறுமையாகியிருந்தன. ஓட்டையை அடைக்க வேண்டிய ஒரே கொம்பனி எப்போதோ விலகிவிட்டிருந்தது. ட்ரோபோ என்ற பெட்டியினுடையது இன்னும் பாடம் நிறைந்த கதை. வெவ்வேறு அளவுத் தட்டுகளைக் கலந்து போடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அந்தத் தட்டுகளை வாசிக்க இன்னொரு ட்ரோபோதான் வேண்டும். தாய்க் கொம்பனி 2022இல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. பெட்டியின் மின்பலகை எரிந்தவர்கள், தட்டுகள் நலமாக இருந்தும், பழைய சாமான் சந்தையில் இன்னொரு ட்ரோபோவைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் சினோலொஜி, தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த தட்டுகளையே போட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாடிக்கையாளர் எதிர்ப்புக்குப் பிறகு அக்டோபரில் அதைத் தளர்த்தியது. தளர்த்தியது நல்ல செய்தி. தளர்த்துவதா இல்லையா என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது என்பதுதான் செய்தி.

திறமூலத்தில் இந்தக் கதை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒலிவியே கோசார்-லாபே என்ற பிரெஞ்சுக்காரர் 2005இல் ஃப்ரீநாஸ் என்ற திறமூல நாஸ் மென்பொருளைத் தொடங்கினார். பிற்பாடு அது ஐஎக்ஸ்சிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, இன்று ட்ரூநாஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதே திட்டத்தில் உழைத்த ஃபோல்கர் தைலே, டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து ஓப்பன்மீடியாவோல்ற்றைத் தனியே கட்டினார். பழைய வழியே வேண்டும் என்றவர்களுக்கு சிக்மாநாஸ் இருக்கிறது. ஒருவர் போகும் திசை பிடிக்காவிட்டால் இன்னொருவர் நிரலை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போகலாம். கோப்பு வைத்திருப்பவர் நடுத்தெருவில் நிற்க மாட்டார். விண்டோஸ் கணினிகளோடு பேசும் சம்பா மென்பொருளை 1990களின் தொடக்கத்தில் அன்ரூ ட்ரிஜெல் கான்பராவில் எழுதத் தொடங்கினார். மேலே சொன்ன மூன்றும் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. திறமூலத்தில் சொதப்பல் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2017 மார்ச்சில் கொறல் என்ற பெயரில் வந்த ஃப்ரீநாஸ் 10, சில வாரங்களிலேயே பின்வாங்கப்பட்டது. வெட்கக்கேடான நிகழ்வுதான். ஆனால் தட்டுகளில் இருந்தது ஸெட்எஃப்எஸ் என்ற திறந்த கோப்புமுறை. சன் மைக்ரோசிஸ்ரம்ஸில் பிறந்து 2005இல் திறக்கப்பட்ட முறை அது. ஆகவே தட்டுகளின் வடிவத்தைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தவர்கள் பழைய பதிப்பை மீண்டும் நிறுவித் தட்டுகளை இணைத்துக்கொண்டார்கள். ட்ரோபோகாரர்களுக்கு இந்தக் கதவு இருக்கவில்லை.

"அதெல்லாம் சரி, எங்களுக்கு விளங்காது" என்பதே அடுத்த தடை. இதில் பாதி உண்மை உண்டு, பாதி சோம்பல். நிறுவுவது கடினமில்லை. எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்று, இயங்குதளத்துக்கு ஒரு சிறிய தட்டு, தரவுக்கு ஒரே அளவில் இரண்டு தட்டுகள், ஒரு யூஎஸ்பி குச்சி. ஸ்ரீல்ஸ்–கென்னடிச் சந்தியில் பசிபிக் மோல் இருக்கும் ஊரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. தட்டு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் உன்னிப்பு வேண்டும். பதியும் தடங்களை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகள் இந்த வேலைக்கு ஆகாது. வெஸ்ரேர்ன் டிஜிற்றல் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் இவற்றைச் சொல்லாமல் கலந்து விற்றது 2020இல் வெளிப்பட்டது. விலைச்சீட்டில், தடங்களை அப்படிச் சாய்க்காமல் எழுதும் சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் உலாவியில் சொடுக்கும் வேலை. உண்மையான கடினம் அதற்குப் பிறகு வருவது: யாருக்கு எந்தக் கோப்புறையைத் திறக்க உரிமை, கோப்புகளின் அந்நேர நிலையை அப்படியே பதிந்து வைக்கும் நிலைப்படத்தை (ஸ்னாப்ஷொட்) எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது, எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் யார் பார்ப்பது. இது கணினி அறிவு சார்ந்ததைவிட வீட்டு நிர்வாகம் சார்ந்தது. சீட்டுக் கணக்கைப் பல ஆண்டுகள் பிசகாமல் நடத்தும் சமூகத்துக்கு இது வராது என்று நான் நம்பத் தயாரில்லை.

இந்த உழைப்புக்குக் கிடைப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு படக்கோப்பில் சில பிட்டுகள் புரண்டால் படத்தின் மேல்பாதி சரியாகத் தெரியும், கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகிவிடும். சாதாரணக் கோப்புமுறை இதைக் கண்டுபிடிக்காது. கேட்டபோது கெட்டதையே எடுத்துக் கொடுக்கும், பிரதி எடுத்தால் கெட்டதையே பிரதி எடுக்கும். ஸெட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓடும்போது எல்லாத் துண்டுகளையும் வாசித்து எண்ணோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஜோடித் தட்டிலிருந்து நல்ல துண்டை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிட்டு, அறிக்கையில் ஒரு வரி எழுதி வைக்கும். தமிழில் கோப்புப்பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. "கொடியேற்றம்" என்று எழுதும்போது முதலெழுத்தின் கொம்பும் அரவும் யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். பழைய மக் கணினியிலிருந்து வந்த கோப்புறையும் விண்டோஸிலிருந்து வந்ததும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, கணினிக்கு இரண்டாக இருக்கும். ஸெட்எஃப்எஸ்ஸில் தொகுதியை உருவாக்கும்போதே இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள் என்று சொல்லிவிடலாம். பிறகு மாற்ற முடியாது என்பதால் முதல் நாளே செய்ய வேண்டும். இப்படி ஒரு தெரிவு இருப்பதையே வாடகைச் சேவை எதுவும் நமக்குக் காட்டாது.

இனி நெருப்பும் தண்ணீரும் கள்ளனும். எதிர்த்தரப்பு இங்கே வெல்ல வேண்டிய இடத்தில் வெல்கிறது: ஒரே பெட்டி ஒரே வீட்டில் இருந்தால் அது காப்பே இல்லை. ஜோடித் தட்டு என்பது தட்டுப் பழுதுக்கு மருந்து, வீடு எரிந்தால் இரண்டும் எரியும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அது அரசின் சொந்தச் சேமிப்பகம், ஆனால் வெளியே பிரதி இல்லை. சொந்தமாக வைத்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு அதை நானே சாட்சியாக முன்வைக்கிறேன். இதை நமக்குக் கொரியா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1994இல் இதே ரொறன்ரோவில் தேடகம் என்ற தமிழ் அமைப்பின் நூலகமும் எரிக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கி யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்ததற்குப் பின்னால் இந்த அனுபவம்தான் இருக்கிறது. ஆகவே மறுமொழி பெட்டியைக் கைவிடுவதில்லை. இரண்டாவது பெட்டி வைப்பது. மில்லிக்கனில் இருப்பவருக்கு ஏஜாக்ஸிலோ பிறம்ரனிலோ ஒரு மச்சானோ சித்தியோ இல்லாமல் இருப்பது அபூர்வம். அவர் வீட்டில் ஒரு சிறு பெட்டி, உங்கள் வீட்டில் அவருக்கு ஒன்று. ஒவ்வொரு இரவும் அன்றைய மாற்றம் மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டுப் போகும். சித்தி உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிடுவார் என்ற கவலை வேண்டாம். சாவி உங்களிடம் இருக்கும். உறவில் கிடைக்காதவர்கள் அந்த இரண்டாம் பிரதிக்குக் கிளவுட்டை வாடகைக்கு எடுக்கட்டும், மறையாக்கம் செய்த பிறகு. பெட்டியைப் பேஸ்மென்ற் தரையில் மட்டும் வைக்காதீர்கள். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் பெய்த மழையில் எத்தனை பேஸ்மென்ற்களுக்குள் தண்ணீர் ஏறியது என்பது இந்த நகரத்துக்கு நினைவிருக்கும்.

கள்ளனைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: பெட்டியை நேரே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ற் என்ற கப்பக் கும்பல் கியூநாப் கொம்பனியின் நாஸ் பெட்டிகளைப் பூட்டியபோது மாட்டியவை இணையத்திலிருந்து எட்டக்கூடியவை. வெளியிலிருந்து கோப்பு வேண்டுமானால் வயர்கார்ட் போன்ற வீபீஎன் வழியாக உள்ளே வாருங்கள். அப்படியும் ஒரு கணினியில் நச்சுநிரல் புகுந்து பகிர்வுக் கோப்புறையைப் பூட்டினால், நேற்றைய நிலைப்படம் மாற்ற முடியாத வடிவில் அப்படியே இருக்கும். திரும்பப்போக சில நிமிடம்.

விலையைக் காட்டி நான் யாரையும் இழுக்கப்போவதில்லை. நூறு இருநூறு ஜிபி மட்டும் வைத்திருப்பவருக்குக் கிளவுட்தான் மலிவு, ஒரு வெளித்தட்டில் பிரதி எடுத்துக்கொண்டு அவர் அங்கேயே இருக்கலாம். கணக்கு மாறுவது டெராபைட்டுகளில். திருமணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் என்று படம்பிடிக்கும் வீடியோக்காரரின் ஒரு கோடைகால வேலையே பல டெராபைட் வரும். மாத வாடகை ஒருபுறம், அதை வீட்டு இணைப்பில் மேலேற்றி முடிக்கும் காலம் மறுபுறம். ஹைட்ரோ பில் ஏறும் என்று பயமுறுத்துவோருக்கு ஒரு கணக்கு: முப்பது வாட் இழுக்கும் பெட்டி ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 263 அலகு. ஒரு அலகு 12 சதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 32 டொலர். பழைய கேமிங் கணினியைத் தூசு தட்டி ஓடவிட்டால் அது நூறு வாட்டுக்கு மேலே இழுக்கும், அப்போது பில் ஏறத்தான் செய்யும். அது பெட்டித் தெரிவின் பிழை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், கணக்கறிக்கைக்கு அடுத்ததாக, மூன்று கேள்விகளைச் சேருங்கள்: நம் ஆவணங்கள் எத்தனை பிரதிகளாக உள்ளன, அவை எத்தனை பேரின் கையில் உள்ளன, கடைசியாக ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பார்த்தது எப்போது. மூன்றாவது கேள்விக்கு மண்டபத்தில் யாரும் கை உயர்த்தாவிட்டால், அன்றைக்கே இரண்டு தட்டுகளுக்கும் ஒரு பெட்டிக்கும் பணம் ஒதுக்கித் தீர்மானம் எடுங்கள்.